முதலில் வேலி, கடைசியில் மாடு: காங்கேயம் கொரங்காட்டில் ஒரு சுற்று

"கிணறு இல்லாத மேட்டு நிலம் நாலு ஏக்கர் சும்மா கிடக்கிறது. என்ன மரம் நட்டால் நல்லது?"

விவசாயிகளைச் சந்திக்கும் இடமெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. மலைவேம்பா, சவுக்கா, சந்தனமா என்று மரத்தின் பெயரையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் அடுத்த கோடையில் அந்தக் கன்றுக்குக் குடத்தில் தண்ணீர் சுமக்கப்போவது அவர்கள்தான். தண்ணீர் சுமக்காமலே மானாவாரி நிலத்தில் மரமும் புல்லும் மாடும் சேர்ந்து வாழ வழி கண்ட வட்டாரம் ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. திருப்பூர் மாவட்டத்தில் காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் ஊர்களைச் சுற்றியும், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் இவற்றை ஒட்டிய பகுதிகளிலும் உள்ள கொரங்காடுதான் அது. ஒரு நாளில் சுற்றி வரக்கூடிய தூரம். வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

காடு என்றால் வனம் அல்ல

காங்கேயத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது கொப்பரை காயும் களங்கள். வெயிலுக்கும் காற்றுக்கும் குறைவில்லாத ஊர் என்பதற்கு அந்தக் களங்களே சாட்சி. தாராபுரம் சாலையில் ஊதியூர் மலையை நெருங்கும்போது இரண்டு பக்கமும் நிலம் விரிகிறது. குடைபோல உச்சி பரந்த மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. கீழே முழங்கால் உயரத்துக்குப் புல். ஒவ்வொரு நிலத்தையும் சுற்றி முள்வேலி. உள்ளே நாலைந்து மாடுகள். மேய்ப்பவர் யாரும் இல்லை.

கொங்கு நாட்டில் காடு என்றால் வனம் என்று பொருள் கொள்ளக் கூடாது. மானாவாரி நிலத்தைத்தான் காடு என்பார்கள். "காட்டுக்குப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் தன் வயலுக்குப் போகிறார் என்று அர்த்தம். கொரங்காடும் அப்படித்தான். பட்டா நிலம், சொந்தக்காரர் உண்டு, அது ஒரு பண்ணையம். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது தரிசாகத் தெரிகிறது. ஏர் ஓடவில்லை, பயிர் இல்லை, அதனால் சும்மா கிடக்கிறது என்று நினைக்கிறார்கள். நிலத்தை விலைக்குக் கேட்க வருபவர்களும் அதைத்தான் சொல்லிக் கேட்கிறார்கள்.

இங்கே ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவுதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வரும், மழை மேற்கே மலையிலேயே நின்றுவிடும். ஆனியிலும் ஆடியிலும் அந்தக் காற்று மண்ணில் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். மண்ணோ பல இடங்களில் ஆழம் குறைந்த சரளை கலந்த செம்மண். ஆண்டுதோறும் உழுது போட்டால் மேல்மண் காற்றோடு போய்விடும். இப்படிப்பட்ட நிலத்தை உழாமல் வைத்துச் சம்பாதிப்பது எப்படி என்ற கணக்குதான் கொரங்காடு.

நாலு கூட்டாளிகள்

கொரங்காட்டில் நாலு கூட்டாளிகள் உண்டு. வேலிக்குக் கிளுவை, தரைக்குக் கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல மரம், நடுவே கால்நடை.

கிளுவை முள்ளுள்ள சிறு மரம். கோடையில் இலை முழுவதும் உதிர்ந்து குச்சியாக நிற்கும். செத்துவிட்டது என்றே புதியவர்கள் நினைப்பார்கள். முதல் மழைக்குத் துளிர்த்துவிடும். விதை வேண்டாம், நாற்று வேண்டாம், போத்து வெட்டி ஊன்றினால் போதும். வளர்ந்தபின் கவாத்து செய்யும் தழை வெள்ளாட்டுக்குத் தீனி. இந்த வேலிக்குள் பிரண்டை, கோவை, தூதுவளை, முசுமுசுக்கை எல்லாம் தானாக ஏறி அடர்த்தியாகும். கௌதாரியும் கீரியும் ஓணானும் குடியிருக்கும். இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தை இட்டேரி என்பார்கள். ஆடிக்காற்று அடிக்கும்போது இட்டேரிக்குள் நடந்து பாருங்கள், வேலி எவ்வளவு காற்றைத் தடுக்கிறது என்பது உடம்பிலேயே தெரியும்.

கொழுக்கட்டைப் புல் பல ஆண்டுப் புல். வேர் ஆழமாக இறங்கிப் பிடிக்கும். வறட்சியில் மேலே காய்ந்துவிடும், தூர் சாகாது. ஒரு நல்ல மழைக்கு மறுபடி தழைக்கும். அதனோடு நரிப்பயறு, செப்பு நெருஞ்சி போன்ற பயறு வகைச் செடிகள் தானாக முளைக்கும். மாட்டுக்குப் புல் மட்டும் போதாது. புரதம் தருவது இவைதான்.

வெள்வேல மரத்தின் நிழல் அடர்ந்த நிழல் அல்ல. வெயில் சல்லடை போல இறங்குவதால் அடியில் புல் வளரும். சித்திரை, வைகாசியில் தரையில் பச்சை என்று எதுவும் இல்லாதபோது இதன் காய் கிடைக்கிறது. அது நல்ல தீனி. முள்கிளையை வெட்டி வேலி ஓட்டை அடைக்கலாம். முதிர்ந்த மரம் வீட்டுச் செலவுக்கோ கல்யாணச் செலவுக்கோ வெட்டி விற்கும் சேமிப்பு.

நாலாவது கூட்டாளி மாடும் செம்மறியும். காங்கேயம் மாட்டினம் உருவானதே இந்த மேய்ச்சலில்தான். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்துப் பேர் வாங்கச் செய்ததைப் பலர் அறிவார்கள். கன்று செந்நிறத்தில் பிறந்து, ஆறு மாதத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். கவலை இறைக்கவும், உழவுக்கும், பாரவண்டிக்கும் நம்பிய மாடு. இரவும் பகலும் வேலிக்குள்ளேயே கிடப்பதால் சாணமும் கோமியமும் நிலத்திலேயே விழுகின்றன. வண்டி வைத்து எரு அடிக்கும் வேலை இல்லை.

"மரத்தை ஆடு நட்டதுங்க"

தாராபுரத்தில் அமராவதிப் பாசனத்தின் பச்சையைத் தாண்டிக் கிழக்கே மூலனூர் பக்கம் போனால் மறுபடி வறண்ட பூமி. அங்கே எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் வேலி ஓரம் வெள்வேல முள்ளை வைத்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்த மரமெல்லாம் நீங்க நட்டதா, உங்க அப்பா காலத்துலயா?" என்று கேட்டேன்.

"மரத்தை யாருங் சார் நட்டா? ஆடு நட்டதுங்க. வேண்டாததை வெட்டிப்போட்டு, வேணுங்கறதை உட்டு வெச்சமுங்க. அவ்வளவுதான்."

இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. வெள்வேல விதையின் தோல் கடினமானது. காயைத் தின்ற செம்மறியின் வயிற்றில் அந்தத் தோல் இளகி, விதை புழுக்கையோடு விழுகிறது. மழைக்கு முளைக்கிறது. அது எங்கே முளைத்ததோ அங்கே அதன் வேருக்கு இடம் இருக்கிறது என்று பொருள். பையில் வளர்த்துக் குழியில் வைத்த கன்றின் வேர் போல அது முடங்குவதில்லை. விவசாயி செய்யும் வேலை தேர்வு மட்டும்தான். ஒரு மரத்தின் உச்சி அடுத்த மரத்தைத் தொடாத தூரத்துக்கு நேரானதை விட்டு, மற்றவற்றை வெட்டுகிறார். விட்டதில் கீழ்க்கிளையைக் கழிக்கிறார்.

"மழை இல்லாத வருசம் என்ன பண்ணுவீங்க?"

"மழை பேஞ்சாலும் பேயாட்டியும் வேலி இருந்தா காடு இருக்குமுங்க. வேலி போச்சுன்னா ஊரு மாடு பூராம் நம்ம காட்லதான் நிக்கும். அப்பறம் மழை பேஞ்சு என்ன பண்றதுங்?"

அவர் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. வறட்சி புல்லை உறங்க வைக்கும். கணக்கில்லாத மேய்ச்சல் அதை வேரோடு முடிக்கும். எத்தனை நாள் மேய்ப்பது, எப்போது ஓய்வு கொடுப்பது என்று நிலத்துக்காரர் தீர்மானிக்க வேண்டுமானால் வேலி அடைபட்டிருக்க வேண்டும். பெரிய கொரங்காடுகளில் உள்ளேயும் வேலி போட்டு இரண்டு மூன்றாகத் தடுத்திருப்பார்கள். ஒன்றில் மாடு மேயும்போது மற்றது தழைக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, நல்ல மழை கிடைக்கும் ஆண்டு பார்த்து, உழுது சோளமோ கொள்ளோ விதைப்பதும் உண்டு. இறுகிய மண் இளகும், தானியமும் தட்டும் கிடைக்கும், மண்ணில் கிடந்த விதையிலிருந்து புல் புதிதாக வரும்.

பாகம் பிரித்தபோது நடந்தது

மூலனூரிலிருந்து வடக்கே வெள்ளகோவில் சாலையில் வந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. காற்றாலைகள், சூரிய மின்தகடுகள், கல் நட்டு வண்ணம் பூசிய வீட்டுமனைகள். இவை எல்லாவற்றிலும் முதலில் காணாமல் போவது வேலிதான். பொக்லைன் இயந்திரம் அரை நாளில் ஒரு தலைமுறை வேலியைப் பிடுங்கிப் போட்டுவிடும்.

விற்காத குடும்பத்திலும் வேலி போகிறது. நான் பார்த்த ஒரு குடும்பத்தில் எட்டு ஏக்கரை அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கு நாலு என்று பிரித்துக்கொண்டார்கள். தம்பி வெளியூரில் வேலை பார்க்கிறார். தன் பாகத்தை விற்றார். வாங்கியவர் சுத்தம் செய்கிறேன் என்று தன் பக்க வேலி முழுவதையும் எடுத்துவிட்டு, இன்று வரை அங்கே எதுவும் செய்யவில்லை. இருவருக்கும் நடுவே வேலி கிடையாது, கல் மட்டும்தான். அண்ணனின் நாலு ஏக்கர் ஒரு பக்கம் முழுக்கத் திறந்துவிட்டது. இரண்டு கோடையில் புல் தூர் தெரிய ஆரம்பித்தது. மூன்றாவது ஆண்டு சீமைக் கருவேலம் நுழைந்தது. அண்ணன் வளர்த்த ஐந்து மாடுகளில் மூன்றை விற்றார். மழை அந்த மூன்று ஆண்டிலும் வழக்கம் போலத்தான் பெய்தது.

வேலிக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சதுரமான நாலு ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 417 அடி, சுற்றளவு 1,670 அடி. ஏக்கருக்கு 417 அடி வேலி. அதே நிலத்தை ஒவ்வொரு ஏக்கராகப் பிரித்துத் தனித்தனியே வேலி போட்டால், ஒரு ஏக்கரின் சுற்றளவே 835 அடி. வேலிச் செலவு இரண்டு மடங்கு. மேயும் இடமோ குறைகிறது. அதனால் பாகம் பிரிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பத்திரத்தில் நிலத்தைப் பிரியுங்கள், சுற்றுவேலியைப் பிரிக்காதீர்கள். வேலியைப் பொதுவில் வைத்து, மேய்ச்சலை முறை வைத்துக்கொள்ளலாம். மாடு இல்லாத பங்காளி தன் பங்கு மேய்ச்சலை ஆண்டுக் குத்தகைக்கு விடலாம். கொரங்காட்டை மேய்ச்சல் குத்தகைக்கு விடுவது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. விற்கத்தான் வேண்டும் என்றாலும், நடுவே கிளுவை ஊன்றி அது வேர் பிடித்தபின் விற்பது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் பெரிய உதவி.

வெள்ளகோவிலிலிருந்து காங்கேயம் திரும்பும் வழியில் ஓலப்பாளையம் பக்கம் கண்ணபுரம் இருக்கிறது. சித்திரையில் மாரியம்மன் கோயில் தேரோடு கூடும் மாட்டுச் சந்தை பேர் பெற்றது. டிராக்டர் வந்தபின் காளைக்கு வேலை குறைந்தது, வளர்ப்பவர்களும் குறைந்தார்கள். மாடு குறைந்தால் கொரங்காட்டுக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாத நிலத்துக்கு வேலி அடைக்க யாரும் கூலி கொடுப்பதில்லை. நாலு கூட்டாளிகளில் ஒருவர் விலகினால் மற்ற மூவரும் நிற்க முடியாது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்தச் சாலையில் ஒருமுறை வந்து போகலாம்.

உங்கள் நிலத்தில் எப்படி?

காங்கேயத்துக்கு வெளியே இருப்பவர்களும் இந்த முறையைப் பின்பற்றலாம். மழை குறைந்த, மண் ஆழமில்லாத, தண்ணீர் வசதியில்லாத நிலத்துக்கு ஏற்றது. நஞ்சைக்கோ, கிணற்றுப் பாசன நிலத்துக்கோ வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். நம்மில் பலர் முதலில் கடன் வாங்கி ஆடு வாங்குகிறோம், பிறகு மரக்கன்று வைக்கிறோம், வேலியை மறந்துவிடுகிறோம். ஆடு கன்றைத் தின்றுவிடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள்.

முதலில் வேலி. எல்லை ஓரம் உட்பக்கமாக ஒன்றரை அடி ஆழத்துக்குக் காடி வெட்டி, மண்ணை எல்லைப் பக்கம் கரையாகப் போடுங்கள். காடி மழைநீரைப் பிடிக்கும். கிளுவை இலை உதிர்ந்து நிற்கும் பங்குனி, சித்திரையில் கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட, நாலு அடி நீளமுள்ள போத்துகளை வெட்டி, கோடை மழைக்கு முன்பே கரையில் ஒரு அடி ஆழம் ஊன்றுங்கள். அடிக்கு ஒன்று வீதம் நாலு ஏக்கருக்கு 1,670 போத்து வேண்டும். ஒரே ஆண்டில் முடியாவிட்டால் ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவரை மற்றப் பக்கங்களை வெட்டிய முள்ளால் அடைத்து வையுங்கள். கிளுவை கிடைக்காத ஊரில் உங்கள் பக்கத்தில் போத்தில் வளரும் முள்மரம் எதுவோ அதை எடுங்கள்.

இரண்டாவது புல். புரட்டாசியில் சரிவுக்குக் குறுக்கே உழுது விதையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 கொழுக்கட்டைப் புல் இருக்கிறது. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். விதை பஞ்சு போல் லேசானது, காற்றில் பறக்கும். ஈர மண்ணோடு கலந்து தூவி, மேலாக மூடினால் போதும், ஆழத்தில் போனால் முளைக்காது. புதிதாக அறுத்த விதைக்கு உறக்கநிலை உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்த விதையாகக் கேட்டு வாங்குங்கள். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல் மசால் கலந்தால் பயறு வகைத் தீனியும் சேரும். முதல் ஆண்டு மேய விடக் கூடாது. புல் விதைத்து, அந்த விதை தரையில் உதிரட்டும். தீவனம் வேண்டுமானால் அறுத்துக் கொடுங்கள்.

மூன்றாவது மரம். வேலி அடைபட்ட நிலத்தில் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானாக என்னென்ன முளைக்கிறது என்று பாருங்கள். வேம்பு, வெள்வேல், அரப்பு என ஏதாவது இருக்கும். வெட்டிய அடிக்கட்டைகளில் துளிர் வந்தால் அதில் நல்லதை ஒன்றோ இரண்டோ விட்டு மற்றதைக் கழியுங்கள். ஒன்றுமே வராத நிலத்தில் மட்டும் வெள்வேல விதையைப் பட்டிப் புழுக்கையிலிருந்து எடுத்தோ, சூடான நீரில் ஒரு இரவு ஊறவைத்தோ மழைக்காலத்தில் நேரடியாக ஊன்றுங்கள். நெருக்கி வைக்க வேண்டாம். நெருக்கினால் புல் போய்விடும், புல் போனால் மண் போய்விடும். சீமைக் கருவேலம் முளைத்தால் கன்றாக இருக்கும்போதே, மழை ஈரத்தில் வேரோடு பிடுங்குங்கள். பெரிதானபின் வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

கடைசியில் கால்நடை. எத்தனை விடலாம் என்பதை நிலத்தைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மார்கழியில் புல் முற்றியிருக்கும்போது ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, உள்ளே இருக்கும் புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து நிறுங்கள். நாலைந்து இடத்தில் இப்படிச் செய்து சராசரி எடுங்கள். 200 கிராம் வந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 800 கிலோ காய்ந்த புல். அதில் பாதிதான் மாட்டுக்கு, மீதி நிலத்துக்கு. அதாவது ஏக்கருக்கு 400 கிலோ. 300 கிலோ எடையுள்ள பசு ஒன்றுக்கு நாளுக்கு ஆறரை கிலோ உலர்தீனி என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 கிலோ. புல்லை மட்டும் நம்பினால் அந்த ஒரு பசுவுக்கே ஆறு ஏக்கர் வேண்டும். வெள்வேலங்காய், சோளத்தட்டு, கடலைக்கொடி என்று வெளித்தீனி சேரும் அளவுக்குத்தான் எண்ணிக்கையைக் கூட்டலாம். இந்தக் கணக்கைப் போடாமல் வங்கிக் கடன் எத்தனை மாட்டுக்குக் கிடைக்கிறது என்று பார்த்து மாடு வாங்குவது ஆபத்து.

மேய்ச்சலில் முதலில் மாட்டை விடுங்கள், செம்மறியைப் பின்னால் விடுங்கள். செம்மறி தரையோடு கடிக்கும். புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். வேலியும் இளமரமும் தேறும் வரை வெள்ளாட்டை உள்ளே விடவே வேண்டாம். அதற்குத் தழை வெட்டிப் போடுங்கள்.

இந்த முறையில் ஒரே ஆண்டில் பணம் வராது. வேலி கெட்டிப்பட மூன்று நான்கு ஆண்டு, மரம் காய்க்க அதற்கும் மேல். ஆனால் இரண்டாம் ஆண்டிலிருந்து புல் கிடைக்கும், தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை, காய்ந்த ஆண்டிலும் போட்ட முதல் போகாது. இரண்டு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் தனியாக இறங்காமல், பக்கத்து நிலத்துக்காரருடன் பேசி ஒரே சுற்றுவேலியாகப் போடுவது நல்லது.

கிளுவைப் போத்து கடையில் கிடைக்கும் பொருள் அல்ல. வேலி வைத்திருப்பவர் கவாத்து செய்யும்போதுதான் கிடைக்கும். மாசியிலேயே சொல்லி வைத்தால் பெரும்பாலும் வெட்டுக்கூலியோடு முடிந்துவிடும். இந்த ஆண்டு ஒரு பக்கம், 417 போத்து. அதிலிருந்து தொடங்குங்கள்.